மூன்றரை லட்சத்துக்கு ஒரு சர்டிபிகேட்

போன மாதம் ஒரு ஹவுஸ் சர்ஜன் தம்பி, அதாவது எம்பிபிஎஸ் கடைசியில் ஆஸ்பத்திரிப் பயிற்சியில் இருப்பவன், போன் செய்தான். "மேடம், காஸ்மெடிக் சர்ஜரில ஒரு கோர்ஸ் இருக்கு. ஆறு வாரம், அஞ்சு லட்சம். நம்ம கையாலயே செய்ய விடுவாங்களாம். சேரட்டுமா?" கேட்டதும் வயிற்றைப் பிசைந்தது. இதே ஆறு வாரம், இதே வாக்குறுதி, 2012இல் நான் கட்டியது மூன்றரை லட்சம். அன்றைக்கு இப்படிப் போன் செய்து கேட்க எனக்கு யாரும் இல்லை. அந்தத் தம்பிக்குச் சொன்னதையும், நேரமில்லாமல் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன். நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சிவகாசிக்காரி. அப்பா அச்சகத்தில் கட்டிங் மெஷின் ஓட்டியவர். நான் எட்டாவது படிக்கும்போது பெரியம்மா மகளுக்குப் பட்டாசு ஆலை விபத்தில் முகமும் கழுத்தும் வெந்துவிட்டன. உயிர் பிழைத்தாள். ஆனால் ஆறின தோல் சுருங்கிச் சுருங்கி, தாடை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. நிமிர்ந்து ஆளைப் பார்க்க முடியாது, வாயை முழுதாக மூட முடியாது, எச்சில் வடிந்துகொண்டே இருக்கும். மதுரை பெரியாஸ்பத்திரியில் அந்தச் சுருக்கத்தை அறுத்து விடுவித்துத் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். மூன்று மாதம் கழித்து அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணாடி பார்த்துப் பொட்டு வைத்துக்கொண்டதை நான் கதவோரம் நின்று பார்த்தேன். அந்த வேலைக்குப் பெயர் பிளாஸ்டிக் சர்ஜரி என்பதுகூட அப்போது தெரியாது. அதைச் செய்யும் ஆளாக வேண்டும் என்று மட்டும் தெரிந்தது.

2001இல் எம்பிபிஎஸ் சேர்ந்தேன். பிளாஸ்டிக் சர்ஜன் ஆக எத்தனை வருடம் ஆகும் என்று கல்லூரியில் யாரும் கணக்குப் போட்டுக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. கணக்கு இதுதான்: எம்பிபிஎஸ் ஹவுஸ் சர்ஜன்சியோடு ஐந்தரை வருடம், எம்எஸ் ஜெனரல் சர்ஜரி என்ற பொது அறுவை மேற்படிப்பு 3 வருடம், அதற்கு மேல் எம்சிஎச் என்ற உயர் சிறப்புப் படிப்பில் பிளாஸ்டிக் சர்ஜரி 3 வருடம். ஒரு நாள் வீணாகாமல் போனாலே பதினொன்றரை வருடம். அதற்குப் பிறகும் நீங்கள் கிரேனியோஃபேஷியல் சர்ஜன் இல்லை. மண்டையோடு, கண்குழி, தாடை எல்லாவற்றையும் சேர்த்துச் சீரமைக்கும் இந்தப் பிரிவுக்கென்று தனி எம்சிஎச் பட்டம் கிடையாது. எம்சிஎச் முடித்து, எங்காவது பெல்லோஷிப் என்ற சிறப்புப் பயிற்சி செய்து, தெரிந்தவர் கூடவே நின்று கற்றுக்கொள்ள வேண்டும். எனக்கு எம்எஸ் சீட் கிடைக்கவே இரண்டு வருடம் ஆனது. 2012இல் எம்எஸ் முடித்தபோது வயது 28. வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வருடம் எம்சிஎச் தேர்வில் சீட் கிடைக்கவில்லை.

நான் சறுக்கியது அங்கேதான். அடுத்த தேர்வுக்கு உட்கார்ந்து படித்திருக்க வேண்டும். கூடப் படித்தவர்கள் எல்லாம் ஆஸ்பத்திரி, வீடு, கார் என்று போய்க்கொண்டிருக்க, நான் ஒரு தனியார் மருத்துவமனையில் ராத்திரி ட்யூட்டி டாக்டராக, எம்பிபிஎஸ் முடித்தபோது பார்த்த அதே வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவமானமாக இருந்தது, அதுதான் உண்மை. அந்த நேரத்தில்தான் வெளிமாநிலத்தில் ஒரு பெரிய ஊரில் நடந்த 'காஸ்மெடிக் மற்றும் முகச் சீரமைப்பு பெல்லோஷிப்' விளம்பரம் கண்ணில் பட்டது. என் கல்யாணத்துக்காக அம்மா சேர்த்து வைத்திருந்த 20 பவுனைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்தோம். அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பாப்பா, அங்க போனா உன் கையில கத்தி குடுப்பாங்களா?" எனக்குக் கோபம்தான் வந்தது. அச்சகத்தில் வேலை பார்த்தவருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். பதினொரு வருடம் படித்த எனக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லையே என்று இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

ஆறு வாரத்தில் நான் செய்தது: கொழுப்பு உறிஞ்சும் கேஸில் பாட்டில் மாற்றியது, தையல் நூல் வெட்டியது, மூக்கு அறுவையில் விளக்கைத் திருப்பிப் பிடித்தது. பாதி நாள் தியேட்டரே கிடையாது, கருத்தரங்கு அறையில் வீடியோ போடுவார்கள். ஒரு நாள் துணிந்து, "சார், ஒரு தையலாவது போடட்டுமா?" என்று அங்கிருந்த சர்ஜனிடம் கேட்டேன். "பேஷன்ட் காசு குடுத்து வந்திருக்காரு அம்மா" என்றார். நானும்தான் காசு கொடுத்து வந்திருந்தேன், சொல்ல வாய் வரவில்லை. கடைசி நாள் தங்க நிற எழுத்தில் சர்டிபிகேட், கழுத்தில் சால்வை, குரூப் போட்டோ. ஊருக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, அது மெடிக்கல் கவுன்சிலில் பதிவு செய்யக்கூடிய தகுதியே இல்லை, பெயர்ப்பலகையில் போட முடியாது. கோர்ஸுக்குப் போன அந்த வருடம் எம்சிஎச் தேர்வுக்கு ஒழுங்காகப் படிக்கவும் இல்லை, அதுவும் போச்சு. நகையை 2015இல் மீட்டபோது வட்டியோடு நாலே முக்கால் லட்சம் ஆகியிருந்தது. மீட்ட அன்றைக்கு அம்மா எதுவும் சொல்லாமல் சங்கிலியைப் பட்டுத்துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

காசு கட்டும் முன் கேட்க வேண்டியதை இப்போது எழுத்து மூலமாகவே கேளுங்கள், மெயில் அனுப்புங்கள். நான் முதன்மை சர்ஜனாக எத்தனை கேஸ் செய்வேன், அல்லது பார்வையாளர் மட்டும்தானா? செய்த கேஸ்களைப் பதியும் லாக் புக்கில் யார் கையெழுத்துப் போடுவார்கள்? போன முறை படித்து முடித்த இரண்டு பேரின் போன் நம்பர் கிடைக்குமா? இந்தச் சான்றிதழை எந்தக் கவுன்சில் ஏற்கிறது? பதில் மழுப்பலாக வந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். பார்வையாளராகப் போவது தப்பே இல்லை. நல்ல சர்ஜன் கத்தி வைக்கும் முன் மார்க்கிங் போடுவதைப் பார்ப்பதே பெரிய பாடம். ஆனால் அதற்கு மூன்றரை லட்சம் கொடுக்கத் தேவையில்லை, பல இடங்களில் மரியாதையாக ஒரு கடிதம் எழுதினாலே கூப்பிடுவார்கள். 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் முடி நடுதல் பற்றி வெளியிட்ட வழிகாட்டுதலில்கூட, பயிலரங்கிலோ யூடியூபிலோ பார்ப்பது மட்டும் இந்த அறுவையைத் தொடங்கப் போதுமான பயிற்சி ஆகாது என்றுதான் இருக்கிறது. பத்து வருடம் முன்னால் வந்திருந்தால் எனக்குப் புண்ணியமாகப் போயிருக்கும்.

2014இல் எம்சிஎச் கிடைத்தது. அப்போது எம்சிஎச் மாதிரி படிப்புகளுக்கான தேசிய நுழைவுத் தேர்வான நீட் எஸ்எஸ் கிடையாது, அது 2017இல்தான் வந்தது. சேர்ந்த முதல் நாள் எங்கள் சீஃப் என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, கோழிக்கால் வாங்கிக்கொண்டு வரச் சொன்னார். கேலி செய்கிறார் என்று நினைத்தேன். கோழித் தொடைக்குள் ஓடும் ரத்தக் குழாய் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் தடிமன், நுண்ணறுவைத் தையல் பழக அதைவிட மலிவான வழி இல்லை. தினமும் ராத்திரி ரவுண்ட்ஸ் முடிந்து மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார வேண்டும். நாலு மாதத்துக்கு அப்புறம்தான் நோயாளியின் குழாயைத் தொடவிட்டார். சர்டிபிகேட் எதுவும் தரவில்லை. 'கை பரவாயில்லை' என்று ஒரு தடவை சொன்னார், மூன்று வருடத்தில் ஒரே தடவை.

இந்த இடத்தில் ஒரு சின்ன விஷயம், ஆனால் யாரும் சொல்வதில்லை. லூப், அதாவது கண்ணாடியில் மாட்டிக்கொள்ளும் உருப்பெருக்கி, வாங்கும்போது உங்கள் உயரத்துக்கும் நீங்கள் நிற்கும் நிலைக்கும் ஏற்ற தூரத்தை அளந்து வாங்குங்கள். நான் சீனியரிடமிருந்து பழையதை 40,000 ரூபாய்க்கு வாங்கினேன். அவர் ஆறடி, நான் ஐந்தடி ஒரு அங்குலம். ஒரு வருடம் கழுத்தை முறுக்கிக்கொண்டே ஆபரேஷன் செய்ததில் இடது தோள் இன்றைக்கும் மழை வந்தால் வலிக்கும்.

எனக்குப் பிடித்தது உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும்தான், அதாவது மேலுதடோ வாயின் மேல்கூரையோ பிளந்தபடி பிறக்கும் குழந்தைகளுக்கான அறுவை. சுமார் 700 குழந்தைகளில் ஒருவருக்கு இது வருகிறது என்பார்கள். ஓபியில், அதாவது வெளிநோயாளர் பிரிவில், தாய் குழந்தையின் வாயைத் துணியால் மூடிக்கொண்டுதான் வருவார். பின்னாலேயே மாமியார், "கிரகணத்தப்போ வெளிய போகாதன்னு சொன்னேன், கேட்டாளா?" என்பார். முதல் பத்து நிமிடம் என் வேலை ஆபரேஷனைப் பற்றிப் பேசுவது இல்லை, மாமியாரைப் பேசாமல் இருக்க வைப்பது. கிரகணம் இல்லை, உங்கள் மருமகள் எதுவும் செய்யவில்லை, இது கருவின் ஆரம்ப வாரங்களில் முகப் பகுதிகள் சேராமல் போவதால் வருவது என்று மாமியாரிடமே நேராகச் சொல்வேன். உதட்டுக்கு மூன்று மாதத்தை ஒட்டி, அண்ணத்துக்கு ஒரு வயதை ஒட்டி, பல் வரிசை எலும்புக்கு ஏழு வயதுக்கு மேல், தாடை வளர்ச்சி முடிந்த பிறகு தேவைப்பட்டால் இன்னொன்று. ஒரு குழந்தையை எடுத்தால் பதினெட்டு வருடத்துக்கு அது உங்கள் குழந்தை. இதைப் புரிந்துகொள்ளாமல் முன்-பின் போட்டோவை மட்டும் பார்த்துவிட்டு இந்தத் துறைக்கு வருகிறவர்களை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

திருச்சூர் ஜூபிலி மிஷன் மருத்துவமனையில் டாக்டர் ஹிர்ஜி அடன்வாலா என்று ஒருவர் இருந்தார். மும்பையில் சார்லஸ் பின்டோவிடம் பயின்ற பார்சிக்காரர், 1959இல் அங்கே வந்தவர் பல பத்தாண்டுகள் அங்கேயே இருந்துவிட்டார், 2020இல் இறந்தார். நான் அவரிடம் படித்ததில்லை. ஆனால் அவர் தன் பிளவு மையத்துக்குத் தன் பெயரை வைக்காமல் குருவின் பெயரை வைத்ததைக் கேள்விப்பட்ட அன்று, என் கிளினிக் வாசலில் அடிக்க வைத்திருந்த பலகையின் அளவைக் குறைத்தேன்.

2018இல் தைவான் சாங் குங் மருத்துவமனையில் ஆறு மாதம் இருந்தேன். அங்கே அந்த மையத்தை வளர்த்த சாமுவேல் நூர்டாஃப், அதே 1959இல் அமெரிக்காவிலிருந்து போனவர். உதட்டின் ஈரமான பகுதியும் உலர்ந்த பகுதியும் சந்திக்கும் கோட்டை அவர் பெயரால் 'நூர்டாஃப் சிவப்புக் கோடு' என்கிறார்கள். தைக்கும்போது அது அரை மில்லிமீட்டர் பிசகினாலும் குழந்தை சிரிக்கும்போது தெரிந்துவிடும். போக வர, தங்க, சாப்பிட எல்லாம் சேர்த்து இரண்டரை லட்சம் செலவானது, ஆறு மாத வருமானமும் இல்லை. அது நஷ்டக் கணக்கில் வராது. ஆனால் போகும் முன் ஆறு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். நான் நாலாவது மாதம் கணவரிடம் பணம் கேட்டுப் போன் செய்தேன், அந்த உரையாடல் அவ்வளவு இனிமையாக இல்லை.

திரும்பி வந்து செய்த இரண்டாவது தப்பைச் சொல்கிறேன். ஒரு பெரிய தனியார் மருத்துவமனை, 'கிரேனியோஃபேஷியல் பிரிவு தொடங்குகிறோம், நீங்கள்தான் தலைமை' என்றது. மூன்று வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். முதல் வருடம் வந்த மண்டையோட்டு கேஸ் இரண்டு. மற்றபடி சர்க்கரை நோயாளியின் கால் புண்ணுக்குத் தோல் ஒட்டுவது, ராத்திரி இரண்டு மணிக்கு மெஷினில் விரல் போனவர்கள், ஹெல்மெட் போடாமல் விழுந்து முகம் நொறுங்கியவர்கள். அது கேவலமான வேலை இல்லை, என் சோறு அதில்தான் வந்தது. ஆனால் விசிட்டிங் கார்டில் போட்ட பெயருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஒப்பந்தத்தை நடுவில் முறித்ததற்கு மூன்று மாதச் சம்பளம் போனது. கையெழுத்துப் போடும் முன் ஒரு வக்கீலிடம் இரண்டாயிரம் ரூபாய் கொடுத்துக் காட்டியிருந்தால், விலகிப் போனால் பக்கத்திலேயே தொழில் செய்யக்கூடாது என்ற வரியையும் அப்போதே பார்த்திருப்பேன்.

அப்புறம் சொந்தக் கிளினிக். அங்கேயும் புத்தி வரவில்லை, விற்பனைப் பிரதிநிதி பேச்சைக் கேட்டு 22 லட்சத்துக்கு ஒரு லேசர் மெஷின் தவணையில் எடுத்தேன். மாதத்துக்கு நாலு பேர் வந்தார்கள். லேசருக்கு ஜனங்கள் தோல் டாக்டரிடம்தான் போவார்கள், அதில் தப்பும் இல்லை. பதினான்கு மாதம் கழித்துப் பாதி விலைக்கும் குறைவாகத் தள்ளிவிட்டேன். மெஷினை வாடகைக்கு எடுங்கள். கேஸ் வரிசை கட்டி நின்றால் அப்புறம் வாங்கலாம்.

வெளியே சொல்லக் கூச்சப்படும் ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். என் கிளினிக் வாடகையைக் கட்டுவது காஸ்மெடிக்தான். கல்யாணத்துக்கு முன் மார்பு வீக்கத்தைச் சரிசெய்ய வரும் பையன்கள், மூக்கு, கொழுப்பு உறிஞ்சல். பிளவு கேஸ்கள் ஸ்மைல் டிரெயின் மாதிரி தொண்டு அமைப்பின் உதவியிலோ முதலமைச்சர் காப்பீட்டிலோ நடக்கும், அதில் எனக்கு வருவதை வைத்துக் கிளினிக் ஓட்ட முடியாது. ஆரம்பத்தில் காஸ்மெடிக் செய்வதைத் தாழ்வாக நினைத்தேன். இப்போது இல்லை. பஸ்ஸில் சட்டைக்குள் கூனிக்கொண்டே போன பையனுக்கு அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் மாணவர்களிடம் ஒன்றைச் சொல்வேன், வேண்டாம் என்று அனுப்பவும் தெரிய வேண்டும். நாலாவது தடவையாக மூக்கைத் திருத்த வந்த பெண்ணை நான் மனநல மருத்துவரிடம் அனுப்பினேன். கோபித்துக்கொண்டு ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போனார்.

முதல் மண்டையோட்டு கேஸ் இன்னும் கனவில் வரும். ஒன்பது மாதக் குழந்தை, ஏழரை கிலோ. மண்டையோட்டின் இணைப்புகள் சீக்கிரமே மூடிக்கொண்டதால் தலை படகு மாதிரி நீண்டிருந்தது. அந்த எடைக்கு உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே சுமார் 600 மில்லி, நம் வீட்டு டம்ளரில் மூன்று. பெரியவர்களுக்குப் பஞ்சில் துடைத்துப் போடும் அளவு கசிந்தாலே இங்கே ஆபத்து. நியூரோ சர்ஜன், குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகியவர், ஐசியூ, ரத்த வங்கி எல்லாம் தயாராக இருந்தும் ஐந்து மணி நேரம் என் காதில் கேட்டது மானிட்டர் சத்தம் மட்டும்தான். குழந்தை பிழைத்தது, தலையும் நன்றாக வந்தது. ஆனால் அன்று ராத்திரி முடிவெடுத்தேன், வருடத்துக்கு இரண்டு மூன்று மட்டும் செய்து இந்த அறுவையில் கை தேற முடியாது. இப்போது அந்தக் குழந்தைகளை அதையே தொடர்ந்து செய்யும் பெரிய மையத்துக்கு அனுப்பிவிட்டு, முடிந்தால் கூடப் போய் உதவிக்கு நிற்கிறேன். இந்தத் துறையைத் தொடங்கி வைத்த பிரெஞ்சுக்காரர் பால் டெசியே, பாரீஸில் பிணங்கள் கிடைக்காமல் ரயிலேறி நாந்த் நகரத்துக்குப் போய் அறுத்துப் பழகிவிட்டுத்தான் உயிருள்ளவர் மேல் கை வைத்தார். 1967இல் ரோமில் தன் வேலையை உலகத்துக்குக் காட்டியபோது அவருக்கு ஐம்பது வயது. எனக்கு இப்போது 40 தாண்டிவிட்டது, இன்னும் அவசரம் இல்லை என்று சொல்லிக்கொள்வேன்.

என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது, என்னைக் கேட்காதே, உனக்கு இரண்டு வருடம் மூத்தவரைக் கேள் என்பதுதான். என் காலத்துத் தேர்வு வேறு, இப்போது வேறு. எம்எஸ் முடித்துவிட்டு 2021இல் நீட் எஸ்எஸ் எழுதத் தயாரான ஒரு தங்கை, நவம்பரில் தேர்வு, ஆகஸ்ட் கடைசியில் வினாத்தாள் முறையையே மாற்றி அறிவித்ததில் இடிந்துபோய்விட்டாள். அதுவரை 60 சதவீதம் உயர் சிறப்புப் பாடம், மாற்றத்துக்குப் பிறகு முழுக்க ஜெனரல் சர்ஜரி. உச்ச நீதிமன்றமே இளம் மருத்துவர்களைக் கால்பந்தாக நடத்தாதீர்கள் என்று கடிந்த பிறகுதான் பழைய முறையிலேயே 2022 ஜனவரியில் நடந்தது. அந்த நேரத்தில் என்னால் அவளுக்குத் தைரியம் சொல்ல முடிந்ததே தவிர எந்தப் புத்தகத்தைப் படி என்று சொல்லத் தெரியவில்லை. எம்பிபிஎஸ் முடித்ததுமே முதுநிலை நுழைவுத் தேர்வான நீட் பிஜி வழியாக, எம்சிஎச்சுக்கு இணையான 6 வருட டிஆர்என்பி பிளாஸ்டிக் சர்ஜரியில் நேராகச் சேரலாம் என்பதைக்கூட ஒரு மாணவி சொல்லித்தான் நான் கவனித்தேன். பல் மருத்துவம் படிப்பவர்களும் கேட்கிறார்கள். எம்டிஎஸ் என்ற பல் மருத்துவ மேற்படிப்பில் முகத்தாடை அறுவை வழியாக வந்து பிளவும் தாடையும் அருமையாகச் செய்பவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் எது யார் எல்லை என்ற சண்டை தீரவில்லை, காஸ்மெடிக்கையும் சேர்த்துச் செய்யலாம் என்ற கனவோடு மட்டும் அந்த வழியில் போகாதே என்று சொல்லிவிடுவேன்.

சனிக்கிழமை பிளவு ஓபியில் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கட்டணம் இல்லை. இரண்டு விதிதான். தாயிடம் கேட்காமல் குழந்தையைப் போட்டோ எடுக்கக் கூடாது. தாய் சம்மதித்தாலும் அது உன் இன்ஸ்டாகிராமுக்கு இல்லை. ஒரு பையன் மீறினான், அன்றே அனுப்பிவிட்டேன், கொஞ்சம் அதிகமாகவே திட்டிவிட்டேன் என்று பிறகு தோன்றியது. இரண்டாவது, வருகிறவர்கள் ஒரு நோட்டும் பென்சிலும் கொண்டுவந்து மேலுதட்டின் வில் வளைவை வரைய வேண்டும். பத்து குழந்தைகளின் உதடு, பத்து படம். வரைய வராத கை தைக்கவும் திணறும் என்பது என் அபிப்பிராயம், சீஃபிடம் கேட்டால் மறுப்பார்.

அந்த ஹவுஸ் சர்ஜன் தம்பி, நான் சொன்னபடி நாலு கேள்வியையும் மெயில் அனுப்பினான். 'முதலில் அட்வான்ஸ் கட்டுங்கள், மற்றதைச் சேர்ந்த பிறகு பேசிக்கொள்ளலாம்' என்று பதில் வந்தது. கட்டவில்லை. இப்போது மூன்று சனிக்கிழமையாக ஓபியில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருக்கிறான். போன வாரம் நோட்டை வாங்கிப் பார்த்தேன். வில் இன்னும் கோணல்தான்.